சனிக்கிழமை வண்டியை உதைக்கும் முன்

அன்பு மகனுக்கு,

இதை நின்றுகொண்டே படிக்காதே. ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகக் கவரைக் கிழித்து, ஒரு கண்ணால் கடிதத்தையும் ஒரு கண்ணால் போனையும் பார்க்கிறவன் நீ. இந்த ஒரு தடவை கைகால் கழுவிவிட்டு, மருமகளிடம் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் எடுத்தவளின் கையெழுத்து இப்படிக் கோணலாகப் போகிறதே என்று நினைப்பாய். வயதால் இல்லை, பயத்தால். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். மதுரைக் கோச்சடையில் உங்கள் அபார்ட்மெண்டுக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடம். அப்பாவின் பழைய பைக், நீ புதிதாக அடித்த மெரூன் பெயிண்டில் பளபளவென்று நிற்கிறது. நீ அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றி வைத்திருக்கிறாய். பாப்பா ஒரு தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். அதில் இருப்பது தண்ணீர் இல்லை. "ஊத்தலாமா பாப்பா?" என்று கேட்கிறாய். நாலு வயதுப் பிள்ளை, பெட்ரோல் பாட்டிலை உன்னிடம் நீட்டுகிறது. பாட்டில் மூடியில் ஊற்றி, பிளக் இருந்த ஓட்டைக்குள் கவிழ்த்து, பிளக்கை மாட்டி உதைக்கிறாய். வண்டி உறுமுகிறது, புகை கக்குகிறது, பாப்பா கைதட்டுகிறாள். பத்து எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. நீ சிரித்துக்கொண்டே மறுபடியும் பாட்டிலுக்குக் கை நீட்டுகிறாய். அதோடு வீடியோ முடிகிறது.

உடனே போன் போட்டேன். "ஏய், மொதல்ல அந்தப் பாட்டிலக் கீழ வையி. பாப்பாவ மேல அனுப்பு" என்றேன்.

"என்னம்மா நீயி, பழைய வண்டிய அம்புட்டுப் பேரும் இப்படித்தான்மா ஸ்டார்ட் பண்றாங்க. வீடியோவப் பாத்துத்தான் செஞ்சேன்" என்றாய்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுடா. அந்த வண்டிய அவருக்குத்தான தெரியும்."

"நெருப்பு விசயத்துல நான் அவருகிட்ட என்னத்தம்மா கேக்குறது?" என்றாய். நீயே பேச்சை மாற்றி, "சனிக்கெழம காலைல மூணு பேரும் அந்த வண்டிலயே மேலூருக்கு வாரோம்மா, மீன் கொழம்பு வையி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

நெருப்பு என்று நீ சொன்ன அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதில்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் சொல்வேன், விடையை முதலில் எழுது, விளக்கத்தைப் பிறகு எழுது என்று. அப்படியே செய்கிறேன். என் மேல் தீ வைத்தது உன் அப்பா இல்லை. ஸ்டவ்வும் வெடிக்கவில்லை. நான்தான். நீ ஞாயிற்றுக்கிழமை செய்த அதே வேலையை, அதே வண்டியில், நான் செய்தேன். இந்த வரியை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தொன்பது வருடம் உன்னிடம் சொல்லாத வாக்கியம். எழுதிப் பார்த்தால் ஒரு வரிகூட நிறையவில்லை.

போன மாதம் நீ வண்டியை எடுத்துப்போக வந்த அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார். பழைய வண்டிதான் இப்போது பெரிய ஸ்டைல், உன் நண்பர்கள் எல்லாரும் தேடித் திரிகிறார்கள் என்று என்னிடம்தான் கேட்டாய். அப்பாவிடம் நேராகக் கேட்கவில்லை. அவர் மூன்று நாள் உட்கார்ந்து அந்த வண்டியைத் துடைத்தார். சாவியைக் கொடுக்கும்போது, "தம்பி, காலைல மொத ஸ்டார்ட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும். அதுக்கு ஒரு மொற இருக்கு" என்று ஆரம்பித்தார். நீ அவர் முகத்தைப் பார்க்காமலே, "மெக்கானிக் பாத்துக்குவான்" என்று சாவியை வாங்கிக்கொண்டாய். குட்டியானை வேனில் ஏற்றிக் கட்டினீர்கள். அவர் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறித்து நின்று, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போடா என்று உன்னை நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்ட எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த முறை எனக்குத் தெரியும். அவர்தான் சொல்லிக்கொடுத்தார். குவாரியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவருக்கு எந்த மெஷினையும் அவசரப்படுத்தத் தெரியாது. முதலில் பெட்ரோல் டேப்பைத் திறப்பார். திறந்துவிட்டுச் சும்மா நிற்பார், கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்க நேரம் கொடுக்க வேண்டுமாம். பிறகு சோக்கைத் தூக்குவார். சாவி போடாமலே கிக்கரை மெதுவாக மூன்று தடவை மிதிப்பார். அதற்கப்புறம்தான் சாவி, அதற்கப்புறம்தான் ஓங்கி ஒரே உதை. கிளம்பியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்க மாட்டார். இன்ஜின் தானாகச் சூடாகட்டும் என்று பொறுத்து, சோக்கைப் பாதியாக்கி, பிறகு முழுதும் இறக்குவார். ராத்திரி வந்து நிறுத்தினால் முதல் வேலையாக டேப்பை மூடுவார். வண்டியை அப்போது முன்னறையில்தான் நிறுத்துவோம், வீட்டுக்குள் பெட்ரோல் ஒழுகக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். நான் சிரிப்பேன். "மாதா கோயில் சாமியார் பூசை வைக்கக்கூட இம்புட்டு நேரம் ஆகாது" என்பேன். "நீ சிரி. அது குளுந்து கெடக்கு. அதட்டுனா எந்திரிக்காது" என்பார்.

உன் அம்மா பைக் ஓட்டினாள் என்பதே உனக்கு நம்பச் சிரமமாக இருக்கும். ஓட்டினேன். மேலூருக்கு வெளியே ஒரு பொட்டலில், ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும், சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டிப் பழகினேன். அவர் பின்னாலேயே ஓடி வருவார். என் பள்ளிக்கூடம் ஏழு மைல் தள்ளி, பஸ் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. ஒரு மாதம் நானே ஓட்டிக்கொண்டு போனேன். டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது இருந்த திமிரை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் பெரிய மாமாவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மூத்த அண்ணன் சொல்தான் எல்லாம். வீட்டுக்கே வந்து உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "பொண்டாட்டிய பைக்குல ஏத்தி ஊர் மேய விட்டுட்டு நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னயத்தான் கேப்பேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஸிஸ்டரும் கூப்பிட்டு, இது தேவையா டீச்சர் என்று கேட்டார். ஆக, எனக்கு ஏதாவது ஆகட்டும் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது.

அது டிசம்பர். அரையாண்டுப் பரீட்சை. உனக்கு ஐந்து வயது, காய்ச்சல் என்று உன்னை அம்மாச்சி வீட்டில் விட்டிருந்தேன். அதற்காக இன்றைக்கும் மாதாவுக்கு நன்றி சொல்கிறேன். வினாத்தாள் வைத்த பீரோவின் சாவி என் கைப்பையில். நான் போனால்தான் பரீட்சை தொடங்கும். பஸ் வரவில்லை என்று திரும்பி வந்தேன். அப்பா இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தார். எழுப்ப மனசில்லை. எழுப்ப மனசில்லை என்பது பாதி உண்மை. எழுப்பினால் டேப்பு, சோக்கு என்று அவர் நிதானமாகத் தொடங்குவார், எனக்கு நேரமில்லை என்பது மீதி.

உதைத்தேன். கிளம்பவில்லை. இருபது தடவை உதைத்திருப்பேன். வெளியே பனி, உள்ளே எனக்கு வியர்த்துக் கொட்டியது. ரோட்டோரத்தில் ஆண்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன், பிளக்கைக் கழற்றி ஒரு மூடி பெட்ரோலை விட்டால் கிளம்பிவிடும். ஒருமுறை நான் அதைப் பற்றிக் கேட்டபோது உன் அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்த வேலை மட்டும் வேணாம். கொள்ளிக்கட்டைய வாயில வைக்கிற மாதிரி அது" என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசியது அபூர்வம் என்பதால் நினைவில் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு ஜன்னலில் ஒரு மருந்து பாட்டிலில் அவர் செயின் துடைக்க வைத்திருந்த பெட்ரோலை எடுத்தேன். பிளக்கைக் கழற்றினேன். ஓட்டைக்குள் ஊற்றினேன். அவசரத்தில் சேலையிலும் சிந்தியது. பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறதா என்று முதலில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆண்கள் அதையும் செய்வார்கள். பிளக்கை வயரில் மாட்டி இன்ஜின் மேலேயே வைத்துவிட்டு, ஓட்டை திறந்து கிடக்கும்போதே, உதைத்தேன்.

உள்ளே ஊற்றிய பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகப் புகையாகப் பீய்ச்சியது. பக்கத்திலேயே பொறி. பொட்டென்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. நெருப்பு பட்டதும் உருகி ஒட்டுகிற நைலக்ஸ் சேலை. தீ இடுப்பு, இடது கை, கழுத்து வரை ஏறிவிட்டது. கையில் இருந்த பாட்டிலை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. தண்ணீர் டிரம் அடுப்படியில் என்பது மட்டும் புத்தியில் இருந்தது, அங்கே ஓடினேன், ஓடக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். அடுப்படி வாசலில் விழுந்தேன். உன் அப்பா தூக்கத்தில் எழுந்து ஓடி வந்து சேலையைக் கையாலேயே பிய்த்து எடுத்தார், போர்வையைப் போட்டு என் மேல் விழுந்து அணைத்தார். அவர் உள்ளங்கைகளை நீ பார்த்திருக்கிறாய். அந்தத் தழும்பைப் பற்றி உன்னிடம் வேறு ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். செய்தவன் கையும் வெந்தது என்று. சொன்னவர் யார் என்றும் தெரியும். அது என் சேலை, மகனே. என் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் பிடுங்கி எடுத்த கை அது.

அக்கம்பக்கத்தார் வந்தபோது நான் அடுப்படியில் கிடந்தேன், அவர் என் மேல் குனிந்திருந்தார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் ஒரு நர்ஸ் பேனாவும் நோட்டுமாக வந்து, எப்படி ஆச்சு என்று கேட்டார். பைக் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் மாமா கத்தியது காதில் கேட்டது, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னயத்தான் கேப்பேன் என்று. பைக் என்று சொன்னால் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மேல்தானே பாய்வார்கள்? ஊருக்கு முன்னால் என் திமிருக்கும் ஒரு கும்பிடு போட வேண்டியிருக்கும். "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்றேன். அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நர்ஸின் பேனா நின்றது. அவர் உன் அப்பாவைப் பார்த்து, நீங்க வெளிய போங்க என்றார். பிறகு என் காதருகே குனிந்து, "பயப்படாமச் சொல்லுத்தா. யாரு செஞ்சது?" என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது தீக்காயத்தைவிட அதுதான் எரிந்தது. அந்த வார்டில் என்னோடு படுத்திருந்த பெண்கள் எல்லோரும் ஸ்டவ் வெடித்தது என்றுதான் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவளும் அப்படித்தான் சொன்னாள். அவள் கண்ணைப் பார்த்தால் உண்மை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாம் நாள் அவள் செத்துப்போனாள். நான் தேர்ந்தெடுத்த பொய், புருஷன் கொளுத்திய பெண்கள் எல்லாரும் சொல்கிற பொய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் மாஜிஸ்ட்ரேட் வந்து, நான் சொன்னதை எழுதி, என் வலது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாற்றிச் சொல்லலாமே என்று கேட்பாய். கேள். மாற்றிச் சொன்னால், புருஷன் மிரட்டிச் சொல்ல வைத்தான் என்பார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். உன் அப்பாவை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு. பைக் என்று அவர் சொல்லியிருந்தால், நான் சொன்னதற்கு மாறாக இருக்கும். அதனால் தூங்கிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு வந்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது உண்மையும்கூட. கடைசியில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஆனால் உன் மாமா எங்கள் வீட்டுக்குப் போய், முன்னறை வண்டியைத் திரும்பிப் பார்க்காமல், நேராக அடுப்படியைப் பார்த்தார். ஸ்டவ் அலமாரியில் முழுசாக உட்கார்ந்திருந்தது. துடைத்து வைத்த ஸ்டவ். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது பற்றிக்கொண்டது என்று கதையைக் கொஞ்சம் திருத்திப் பார்த்தேன். என்னை அவர் பாவமாகப் பார்த்தார், அவ்வளவுதான். வீடு திரும்பிய பிறகு உன் அப்பாவிடம் அழுதேன், அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "விடு. நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நீ பொழச்சு வந்தது போதும்" என்றார். அவர் விடு என்றதும் எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரொம்ப நாள் கழித்து, ஒருநாள் காலையில் அவர் வண்டியை வெளியே எடுத்தார். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து டேப்பைத் தொட்டார், என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திறந்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் டேப்பையே திறக்கவில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. இருபது உதையும் வெறும் உதை. தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் வாளி நிறையவில்லையே என்று திட்டியதைப் போல. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும், டேப் மூடிக் கிடந்ததால்தான் வீடு பற்றாமல் தப்பித்தது என்பதும் பிறகுதான் புரிந்தது. இதை அவர் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லிக்காட்டியதில்லை. நான் அதற்குப் பிறகு அந்த வண்டியைத் தொடவில்லை.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது, மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு, நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாய். "அம்மா, நெசமா ஸ்டவ்வுதானா?" என்று கேட்டாய். மாமா சொல்லிவிட்டார் என்று எனக்கு அந்த நொடியே தெரியும். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கடவுள்கூடக் கொடுக்க மாட்டார். நான் என்ன செய்தேன்? "ஸ்டவ்வுதான்டா, போய்ப் படி" என்றேன். ஏன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீ என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். அது தவிர வேறு காரணம் இல்லை. நீ என்னைப் பார்த்த பார்வை, அந்த நர்ஸ் பார்த்த அதே பார்வை. அன்றிலிருந்து என்னிடம் நீ ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டாய். அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாய். எனக்கு வர வேண்டிய தண்டனை அவருக்குப் போனது, அவருக்கு வர வேண்டிய பிரியம் எனக்கு வந்தது. இரண்டையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் கல்யாணத்தில் மாமாவைக் கோயிலில் முதல் வரிசையில் உட்கார வைத்தாய். அப்பா தூண் பக்கமாகப் போய் நின்றார். போட்டோவில் அவர் பாதிதான் விழுந்திருக்கிறார், எடுத்துப் பார். அந்த வாரமே நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மன்னிப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் ஆள் மாறி வந்து சொல்கிறீர்கள், மகனிடம் சொல்லுங்கள் என்றார். சரி சாமி என்று சொல்லிவிட்டு வந்து, இன்றைக்குத்தான் சொல்கிறேன். இன்றைக்கும் என் மனசாட்சி உறுத்திச் சொல்லவில்லை. பயம் சொல்ல வைக்கிறது. உன் பிள்ளை கையில் அந்தப் பாட்டிலைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதையும் என்னோடு கல்லறைக்குக் கொண்டுபோயிருப்பேன். உன் அம்மா எவ்வளவு நல்லவள் என்று அளந்துகொள்.

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் நீ அப்பாவோடு பேசுகிற பிள்ளையாக வளர்ந்திருப்பாய். அவர் சாவியைக் கொடுத்தபோது அந்த முறையைக் கேட்டிருப்பாய். யாரோ முகம் தெரியாத ஒருவனின் வீடியோவைப் பார்த்துப் பெட்ரோல் ஊற்றக் கற்றுக்கொண்டிருக்க மாட்டாய். ஸ்டவ் என்று நான் சொன்ன பொய் அத்தனை வருடம் நடந்து, கோச்சடை வந்து, உன் பார்க்கிங்கில் பாப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கண்ணை மூடினால் அந்தப் பொட்டென்ற சத்தம் கேட்கிறது. பகலிலும் கேட்கிறது. பாப்பா போட்டிருக்கிற அந்த மினுமினு கவுன் என்ன துணி என்று மருமகளிடம் கேள். அதைப் போட்டுக்கொண்டு அவளை அந்த வண்டிப் பக்கம் விடாதே.

அப்பாவுக்கு வீடியோவைக் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் கைவிரல்கள் அந்தத் தழும்பில் மடங்கி மடங்கி விரிந்தன. "டேப்பு மூடிக் கெடக்கு" என்றார். நானும் பார்த்தேன். ஆமாம், மூடித்தான் இருக்கிறது. நீ இதுவரை ஓட்டிய வண்டி எதிலும் அப்படி ஒன்று கிடையாது, உனக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக் கொண்டுவந்து நிறுத்தியபோது மூடியிருப்பான். அதனால்தான் பத்து எண்ணுவதற்குள் அணைந்துபோகிறது.

"நீங்களே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"நான் சொன்னா கேப்பானா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் என்னிடம் கேட்டார்.

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்கூல் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், பாதியில் நிறுத்திவிடுவேன். கூரியர்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கட்டாயம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள் உன்னிடமிருந்து போன் வரவில்லை என்றால், கடைசி பஸ்ஸைப் பிடித்தாவது நானே அங்கே வந்து நிற்பேன். என் மேல் கோபப்படு. பேசாமலும் இரு, அதைத் தாங்கிக்கொள்வேன். அந்த ஓட்டைக்குள் இனி ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட ஊற்ற மாட்டேன் என்று எனக்குச் சொல். பிறகு போனை அவரிடம் கொடுக்கச் சொல். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். வண்டியை எப்படி ஸ்டார்ட் பண்றது என்று மட்டும் கேள். சொல்வதற்கு ஆளில்லாமல் அவர் அந்த முறையை வைத்துக்கொண்டு எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறார் தெரியுமா?

உன் மாமாவுக்கும் இதே கடிதத்தின் பிரதி ஒன்று போகிறது. அவருக்கு எண்பது ஆகப்போகிறது, இனிமேலாவது எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, சற்று முன் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பெயரில் இனி பொய் இருக்கக் கூடாது என்பதால் அவரிடமும் மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். போட்டோ பற்றி எழுதியிருக்கும் இடத்தில் எழுந்து போகப் பார்த்தார், உட்கார வைத்தேன். முடித்ததும், "எதுக்கு இப்ப இதெல்லாம், பையன் மனசு சங்கடப்படுவான்" என்றார். பிறகு, "டேப்பப் பத்தி எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். "எந்தப் பக்கம் திருப்பணும்னு எழுதுனியா?" என்றார். அதை நான் எழுதவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டார். இதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து இல்லை.

தம்பி,
டேப்பு இடது பக்கம், டேங்குக்கு அடியில் இருக்கு. இப்ப படுத்த வாக்கில் இருக்கு, அதுதான் மூடி இருக்குன்னு அர்த்தம். நேராகக் கீழ்ப்பக்கம் பாக்கத் திருப்பு. திருப்பிட்டு ஒரு நிமிசம் சும்மா நில்லு. பெறகு மத்தது. பாப்பாவைப் படிக்கிட்டயே நிப்பாட்டு. சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு நான் அங்க வாரேன். அதுவரைக்கும் உதைக்காத.
அப்பா